லயத்துக்கு ஆறு உறுதி, கூரை யாருக்கு?

காம்பரா மூன்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீடு, மலையகத்தில் புசல்லாவைப் பக்கம். ஒரே வரிசையில் பத்துக் காம்பரா (அறை). இது கம்பனித் தோட்டம் இல்லை, சின்னத் தனியார் தோட்டம். தொண்ணூறுகளில் முதலாளி துண்டு துண்டாக விற்றபோது லயத்தில் குடியிருந்தவர்கள் காசு கட்டி அவரவர் காம்பராவை எழுதி வாங்கினார்கள். அப்பா, அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து மூன்றையும் நான்கையும் வாங்கினார். இன்றைக்கு அந்தப் பத்துக் காம்பராவுக்கு ஆறு உறுதி (காணிப் பத்திரம்). ஒன்றிலும் இரண்டிலும் ஓர் ஆத்தா தனியாக இருக்கிறார். ஐந்தும் ஆறும் என் பள்ளிக்கூடக் கூட்டாளியுடையது. ஏழுக்கும் எட்டுக்கும் சொந்தக்காரர்கள் கொழும்பில். பூட்டிப் பத்து வருஷம் இருக்கும். ஒன்பதும் பத்தும் தனித்தனி ஆட்கள்.

பூட்டிக் கிடக்கும் அந்த ஏழு, எட்டில்தான் பிரச்சினை தொடங்கியது. கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, கைமரம் இரண்டு உளுத்துப் போய், முகட்டு வளை தொய்ந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் லயத்தின் முதுகு ஒடிந்த மாதிரி தெரியும். அந்தத் தண்ணீர் ஆறாம் காம்பராச் சுவரில் இறங்குகிறது. கூட்டாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்போது தன் இரண்டு காம்பராவையும் இடித்துவிட்டு சிலாப் (கொங்கிரீட் கூரை) வீடு கட்டப் போகிறேன் என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் நான்காம் காம்பராவுக்கும் அவனுடைய ஐந்துக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். மேலே ஓடுவது ஒரே முகடு.

இதற்கிடையில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சி மகன் வந்து, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட லயம் மாமா, இடிக்க விடாதீங்க, மரபுரிமைன்னு பதியணும் என்கிறான். அம்மா குசினியில் இருந்தே பதில் சொன்னார்: "நனையிறது நானு, பதியிறது நீயா?"

பூட்டின வீட்டுக் கூரையை யார் பார்க்க வேண்டும்? கூட்டாளிக்கு இடிக்க உரிமை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் மழை எழுதியது:

இடிக்கட்டும் அண்ணே. நீங்களும் சேர்ந்து இடியுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர் படுத்து எழும்பின இடத்துக்கு மரபுரிமை ஒரு கேடா? எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்களுக்குத் தூக்கம் போகும். புதுசாகக் கல்யாணம் முடித்த ஜோடிகள் அந்தச் சுவரோடு என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத் தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள்.

உறுதிப்பெட்டி எழுதியது:

தம்பி, முப்பது வருஷம், உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சட்டத்தரணி இல்லை, அதனால் இதைக் கடைசி வார்த்தையாக எடுக்க வேண்டாம்.

முதலில் உறுதியைப் பெட்டியில் இருந்து எடுத்து அட்டவணையைப் பாருங்கள். நில அளவை வரைபடத்தின்படி தனித் துண்டாக எழுதியிருக்கிறதா, இல்லை முழு லயத்திலும் பிரிக்கப்படாத பங்கு என்று எழுதியிருக்கிறதா? எல்லாமே இதில்தான் இருக்கிறது.

பிரிக்கப்படாத பங்கு என்றால் நீங்கள் ஆறு பேரும் பங்காளிகள். கட்டடம் விழாமல் இருக்க ஒரு பங்காளி செய்யும் அவசியச் செலவை மற்றப் பங்காளிகளிடம் பங்குக்கு ஏற்றபடி கேட்டு வாங்கலாம். நம் நாட்டில் நிலவும் ரோமன் டச்சுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கவனியுங்கள், அவசியச் செலவு மட்டும்தான். ஒழுகும் இடத்துக்குத் தகரம் போட்டால் கேட்கலாம். டைல்ஸ் பதித்துவிட்டுப் பங்கு கேட்க முடியாது. ஒத்துப்போக முடியாவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் வழக்கு முடியும்போது லயம் இருக்காது, மண்மேடுதான் இருக்கும்.

தனித் துண்டு என்றால் அவரவர் கூரை அவரவர் பொறுப்பு. நடுச்சுவர் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. பொதுச் சுவரை ஒருவர் மட்டும் முடிவெடுத்து இடிக்க முடியாது. அவர் தன் பக்கத்தை இடிக்கலாம், ஆனால் உங்கள் பக்கம் நிற்பதற்கான தாங்கலை எடுத்துவிட முடியாது.

காம்பரா மூன்று எழுதியது:

நன்றி ஐயா. உறுதி இங்கிலீஷில். அப்பா ஒரு நாளும் வாசித்ததில்லை, நானும் இன்றைக்குத்தான் வாசித்தேன். தனித் துண்டுதான். கிழக்கு எல்லை "ஐந்தாம் இலக்கக் காம்பராவின் சுவர் நடு" என்று இருக்கிறது. ஆக, சுவரில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு. வெட்டி எடுத்துப் போக முடியுமா என்ன!

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியைப் பற்றியும் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஓடும் கானை (வடிகாலை) பற்றியும் இல்லை. தோட்டம் இருந்தபோது அதற்கெல்லாம் ஆள் இருந்தது, யாரும் எழுதி வைக்கத் தேவைப்படவில்லை.

சுண்ணாம்புக் கை எழுதியது:

நான் மேசன் பாஸ். கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை என்று பழைய கட்டடங்களில்தான் அதிகம் வேலை செய்திருக்கிறேன். சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார், சுவரைப் பற்றி நான் சொல்கிறேன். தண்ணீருக்கு உறுதி வாசிக்கத் தெரியாது.

உங்கள் பின்சுவர் கல்லாக இருக்கும். ஒன்றரை அடித் தடிப்பு, உள்ளே களிமண் சாந்து, வெளியே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். சொந்தமாக வாங்கினதும் எல்லோரும் செய்த முதல் வேலை அதன் மேல் சீமெந்து பூசியதுதான், இல்லையா? நல்ல எண்ணத்தில் செய்த கேடு அது. களிமண் சாந்துச் சுவருக்குள் எப்படியும் ஈரம் போகும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெயில் அடிக்கும்போது அந்த ஈரம் வெளியே வந்துவிடும். சீமெந்து அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே சுவர் வழவழவென்று அழகாக இருக்கும், உள்ளே சாந்து கூழாகிக்கொண்டிருக்கும். ஒரு இருபது ரூபாய்க் காசுக் குற்றியை எடுத்து, தரையில் இருந்து மூன்று அடி உயரம் வரைக்கும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டால் சரி. வெற்றுப் பானை மாதிரிக் கேட்டால் பூச்சு கல்லை விட்டுப் போய்விட்டது.

கூட்டாளி இடிக்கும் விஷயம். ஐந்தை இடித்தால் உங்கள் நான்காம் காம்பராவின் நடுச்சுவர் வெளிச்சுவராகிவிடும். அது வெளிச்சுவராகக் கட்டின சுவர் இல்லை. அனேகமாகச் சுடாத மண் கல். வைகாசியில் தொடங்கும் மழை ஒன்று போதும், கரைந்துவிடும். அதோடு, சிலாப் வீட்டுக்குத் தூண் குழி மூன்று, நான்கு அடி தோண்டுவார்கள். பழைய லயத்து அத்திவாரம் அவ்வளவு ஆழம் போகாது. பக்கத்தில் குழி தோண்டினால் உங்கள் சுவரின் அடி மண் அந்தப் பக்கம் வழியும். வெட்டிய முகடு காற்றுக்கும் திறந்து நிற்கும், தகரம் பறக்கும். ஆக, இடிப்பது என்றால் முதலில் உங்கள் பக்கத்தில் முட்டுக் கொடுத்து, முகட்டு வளையின் நுனிக்குத் தனித் தூண் நிறுத்தி, சுவருக்கு மழைக்காப்பு செய்துவிட்டுத்தான் சுத்தியல் எடுக்க வேண்டும். அந்தச் செலவு இடிக்கிறவர் தலையில்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது, ஏழு எட்டின் கூரை. முழுக்க மாற்ற வேண்டாம். உளுத்த இரண்டு கைமரத்துக்குப் பக்கத்தில் புது மரம் சேர்த்துக் கட்டி, தொய்ந்த வளையை உள்ளே இருந்து ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். ஒரே நாளில் தூக்கினால் மற்றக் காம்பராச் சுவர்கள் வெடிக்கும். தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஆணி வழியாகவே உள்ளே வரும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நான் பார்க்கும் பாதிக் கூரை பள்ளத்தில் ஆணி அடித்ததுதான்.

சீமெந்தைச் சுரண்டிவிட்டு ஒன்றுக்கு மூன்று மணல் போட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசலாம். மாத்தளைப் பக்கம் சூளைச் சுண்ணாம்பு கிடைக்கும். நீற்றிய சுண்ணாம்பைக் கொஞ்ச வாரமாவது ஊற விடுங்கள். அவசரப்பட்டால் பூச்சு வெடிக்கும்.

பெரட்டுக்களம் எழுதியது:

நான்தான் அந்தத் தங்கச்சி மகன். மாமா என்னைக் கேட்காமல் என் பேச்சை இங்கே போட்டுவிட்டார். பரவாயில்லை.

ஹட்டன் அக்கா, கோபம் நியாயம். நானும் அதே லயத்தில்தான் ஐந்தாம் வகுப்பு வரை இருந்தேன், அந்த இருமல் சத்தம் எனக்கும் தெரியும். ஆனால் மலையகத்தில் எதைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டு ஸ்டோரை (தேயிலைத் தொழிற்சாலையை) திருத்தி 2001 இல் தேயிலை அருங்காட்சியகமாக்கினார்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் சொகுசு ஹோட்டலாகிவிட்டது. துரை பங்களாக்கள் எத்தனை விடுதிகளாகிவிட்டன! நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் துரை குளித்த தொட்டியில் குளிக்கக் காசு கட்டுகிறார்கள். கொழுந்து எடுத்தவர்கள் இருந்த இடம் மட்டும் எங்கும் இல்லை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகாக் தோட்டத்தில் பழைய லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி எத்தனை இருக்கிறது?

2023 இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோமே, நானும் கடைசி இரண்டு நாள் நடந்தேன். நம் ஆட்கள் மலையகத்துக்கு வந்து இருநூறு வருஷம் என்று பதாகை பிடித்தோம். நாளைக்குப் பிள்ளைகள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் பங்களாவைக் காட்டுவதா?

ஹட்டன் மழை எழுதியது:

தம்பி, நன்றாகப் பேசுகிறீர்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பங்களாவைக் காப்பாற்றிய ஆட்கள் பங்களாவில் இருந்துகொண்டா காப்பாற்றினார்கள்? ஹோட்டலுக்கு வருகிறவன் காசு கொடுக்கிறான், அதில் கூரை மாற்றுகிறார்கள். லயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதில் உங்கள் அம்மாச்சி நனைந்துகொண்டே இருக்க வேண்டும். உங்களுடைய வரலாற்றுக்கு அவர் காவல்காரியா?

ஒரு காம்பராவை மட்டும் வையுங்கள். கதவு, இஸ்தோப்பு (முன்திண்ணை), அடுப்படி, புகை பிடித்த சுவர், எல்லாம் இருந்தபடி. மற்றதை இடித்து மனிதர் மாதிரி வீடு கட்டட்டும். அதற்கு நானும் ஆயிரம் ரூபாய் தருகிறேன்.

உறுதிப்பெட்டி எழுதியது:

தொல்பொருள் பேச்சு வந்ததால் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் ஆட்கள் காணி போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் எல்லைத் தேதி 1815 மார்ச் 2, கண்டி உடன்படிக்கை நாள். அதற்கு முந்திய கட்டடங்களுக்குத்தான் தானாகவே பாதுகாப்பு. கோப்பித் தோட்டமே கம்பளைப் பக்கம் 1820களில்தான் வந்தது, ஆக எந்த லயமும் அந்தத் தேதிக்குள் வராது. ஆனால் நூறு வருஷத்துக்குக் குறையாத ஒரு கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். அறிவிக்கும் முன் சொந்தக்காரருக்குத் தெரிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அறிவித்த பிறகு திருத்துவதானாலும் மாற்றுவதானாலும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கும், ஓட்டைத் தகரமும் உங்கள் பெயரிலேயே இருக்கும். தங்கச்சி மகன் அதை யோசித்துக்கொள்ளட்டும்.

நூறு வருஷம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். தோட்டத்துப் பழைய வரைபடமோ பதிவேடோ இருக்கிறதா?

பூணாகலை ரோடு எழுதியது:

எல்லோரும் கூரையையே பேசுகிறீர்கள். இரண்டாம் பதிவில் அண்ணன் சொன்ன பின்பக்கத்துக் கானை யாராவது போய்ப் பார்த்தீர்களா?

நான் கொஸ்லந்தைப் பக்கம். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது நான் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுத விருப்பம் இல்லை.

தோட்டங்களில் மலையைச் சுற்றி வெட்டிய கான்கள் சும்மா வெட்டினது இல்லை. மேல் மலைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் ஓடிப் போகத்தான். தோட்டம் விற்றதும் கான் வெட்டும் ஆள் போய்விட்டார். கானில் இலை விழுந்து, புல் முளைத்து, கடைசியில் யாரோ அதன் மேல் கோழிக் கூடு கட்டியிருப்பார்கள். தண்ணீர் உங்கள் பின்சுவர் அடியில்தான் இறங்கும். பாஸ் சொன்ன மூன்றடி ஈரம் கூரையில் இருந்து வந்ததா கானில் இருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள்.

பின்மேட்டில் வெடிப்பு இருக்கிறதா, சவுக்கு மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா, கதவுகள் இறுகுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் இந்த விவாதத்தை நிறுத்திவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லி ஆள் வரவழையுங்கள். கூட்டாளி அண்ணனும் சிலாப் போடும் முன் அவர்களுடைய அறிக்கை எடுக்க வேண்டும், மண்சரிவு மாவட்டங்களில் அது இல்லாமல் கட்டக் கூடாது.

காம்பரா மூன்று எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை வாசித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கோழிக் கூடு இருக்கிறது. எங்களுடையது.

வெடிப்பு எதுவும் இல்லை, மரமெல்லாம் நேராகத்தான் நிற்கிறது. ஆனால் கான் ஒன்றாம் காம்பராவில் இருந்து பத்தாம் காம்பரா வரை முழுக்க மண். காசுக் குற்றியால் தட்டியும் பார்த்தேன். நான்கு காம்பராப் பின்சுவரில் வெற்றுப் பானைச் சத்தம். என் பின்சுவர் ஈரத்துக்கும் ஏழாம் காம்பராக் கூரைக்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவு நாளும் கொழும்புக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் காம்பரா எழுதியது:

அந்தக் கொழும்புக்காரர்கள் நாங்கள்தான். ஆறாம் காம்பரா அண்ணன்தான் இந்த இழையை எனக்கு அனுப்பினார்.

அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். உறுதி இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயரில். நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்த அண்ணன் சவூதியில், சின்ன அண்ணன் வத்தளையில், நான் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. யார் காசு போட்டுத் திருத்தினாலும் வீட்டைத் தனதாக்கப் பார்க்கிறான் என்று மற்றவர் சொல்வார் என்ற பயத்தில் மூன்று பேரும் சும்மா இருந்துவிட்டோம். அம்மா செத்தபோது வந்து பூட்டினது, அப்புறம் திறக்கவே இல்லை. கூரை ஓட்டை என்று தெரியும். ஆறாம் காம்பராச் சுவரில் இறங்குகிறது என்று தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே.

ஏழாம் காம்பராக் கதவு நிலையில், உள்பக்கம், கத்தியால் கீறிய கோடுகள் இருக்கும். தைப்பொங்கல் அன்று அப்பா எங்களை நிறுத்தி உயரம் கீறுவார். கீழே பழைய கீறல்களும் இருக்கும், அவை அப்பாவுடையவை, தாத்தா கீறினது. கரையான் அதைத் தின்னாமல் இருந்தால் சரி.

தகரத்துக்கும் மரத்துக்கும் நான் காசு அனுப்புகிறேன். உறுதிப்பெட்டி ஐயா, அதனால் அண்ணன்மாருக்கு ஏதாவது பாதகம் வருமா?

உறுதிப்பெட்டி எழுதியது:

வராது மகள். விழாமல் காக்கும் செலவு உரிமை கோருவது ஆகாது. பற்றுச்சீட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள், அண்ணன்மார் இருவருக்கும் இப்போதே ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள், பதிலை அழிக்காதீர்கள். அப்பாவின் காணியை மூன்று பேர் பெயருக்கும் மாற்றும் வேலையை இனியும் தள்ளிப் போட வேண்டாம். உங்கள் பிள்ளைகள் காலத்தில் மூன்று பங்கு ஒன்பதாகிவிடும், அப்போது ஒரு ஆணி அடிக்கவும் ஒன்பது பேரைக் கேட்க வேண்டும்.

காம்பரா மூன்று எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

போன இரண்டு சனிக்கிழமையும் கான் வெட்டினோம். ஆத்தா வீட்டுக்கு ஆள் இல்லாததால் அவருடைய பகுதியை ஒன்பதாம் காம்பராப் பையன்கள் வெட்டினார்கள், ஆத்தா தேத்தண்ணி ஊற்றினார். பத்தாம் காம்பராக்காரர் வரவில்லை, தன் பகுதியைத் தானே வெட்டுவாராம். இன்னும் வெட்டவில்லை. கோழிக் கூடு முன்னுக்கு வந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் கானின் தளம் முழுக்கக் கல் பாவியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

ஏழு எட்டுக்குச் சுண்ணாம்புக் கை பாஸே வந்தார். வளையை நான்கு நாளாக ஜாக்கி வைத்துத் தூக்கினார், ஒரு நாளைக்கு இரண்டு விரல் உயரம். முதல் நாள் மரம் முனகிய சத்தத்தில் அம்மா வெளியே ஓடி வந்துவிட்டார். கதவு நிலையில் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் தாத்தா கீறினவை இல்லை. ஏழாம் காம்பராத் தங்கச்சி, உங்கள் கீறல்களில் மேலே இருக்கும் மூன்று மட்டும் தெரிகிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கூட்டாளி இடிக்கும் எண்ணத்தை விடவில்லை. மண்சரிவு அறிக்கைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். வந்த பிறகு, என் பக்கத்து நடுச்சுவருக்கு வெளியே தன் எல்லைக்குள் இரண்டடி விட்டுத் தூண் நிறுத்துவதாகப் பேச்சு. எழுத்தில் தருகிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, தருகிறேன் என்றான்.

மருமகன் ஐந்தாம் காம்பராவை இடிக்கும் முன் அளந்து படம் வரையப் போகிறானாம். அம்மா அவனுக்கு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொடுக்கிறார்.